பஸ்காரம்மாவின் முன்கண்ணாடி

எங்கள் லோரோங்கில், அதாவது எங்கள் சந்தில், யாராவது எதையாவது உடைத்துவிட்டால், அடுத்த நிமிடமே அவர் கையில் ஒரு ஸ்பேனரோ துடைப்பமோ இருக்கும். கொடுத்தது பஸ்காரம்மாவாக இருக்கும். ஏன் உடைத்தாய், எப்படி உடைத்தாய் என்ற பேச்சே வராது. "இந்தாங்க, இதப் பிடிங்க" என்பார். விசாரணை, தீர்ப்பு, தண்டனை எல்லாம் அந்த மூன்று சொல்லில் முடிந்துவிடும்.

கிள்ளானில் நாங்கள் அப்போது குடியிருந்த வரிசை வீடுகளில் அவருடையது கடைசி வீடு, அதற்கு முந்தினது எங்களுடையது. அவர் வீட்டுக்குப் பக்கத்தில், பின்னாலிருந்த விளையாட்டுத் திடல் வரைக்கும் கொஞ்சம் புல்தரை. அதில்தான் பஸ் நிற்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றும் பழைய மஞ்சள் பஸ். இப்போது வரும் பஸ்களுக்கு முன்கண்ணாடி ஒரே பலகையாக, சினிமாத் திரை மாதிரி இருக்கிறது. அவருடைய பஸ்ஸுக்கு நடுவில் ஒரு கம்பி ஓடும். இடப்பக்கம் ஒரு கண்ணாடி, வலப்பக்கம் ஒரு கண்ணாடி. இரண்டையும் சுற்றிக் கட்டைவிரல் தடிமனுக்குக் கறுப்பு ரப்பர். வாங்கியதே ஏழெட்டுக் கை மாறித்தான். ஆனால் ஓட்டுவதும் அவர்தான், எண்ணெய் மாற்றுவதும் அவர்தான், சீட் கிழிந்தால் தைப்பதும் அவர்தான்.

அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். குள்ளமான உருவம். ட்ராக் சூட்டுக்கு மேல் ஒரு பழைய சுடிதார், தோளில் ஒரு துண்டு. காலை ஐந்தே முக்காலுக்கு லோரோங்கில் ஒரு ஹார்ன் கேட்கும். ஒன்றே ஒன்று. ரெண்டாவது அடிக்க மாட்டார். பிள்ளை வெளியே வரவில்லையென்றால் திடலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பி வருவார். "முதல் ரவுண்டுலயே ஏறிடு, அம்மா மானத்த வாங்காத" என்று தாய்மார்கள் பிள்ளைகளைத் துரத்துவது எங்கள் படுக்கையறை வரைக்கும் கேட்கும்.

என் பிழைப்பையும் சொல்லிவிடுகிறேன். அது இந்தக் கதைக்கு வேண்டியிருக்கிறது. பிரிக்பீல்ட்ஸில் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் கிளார்க். கொமுட்டர் ரயிலில் போய், நஷ்டஈடு கேட்டு எழுதிவரும் விபத்துப் பாரங்களைப் படித்துவிட்டு, கொமுட்டர் ரயிலில் திரும்புவேன். 'விபத்து எப்படி நடந்தது' என்று பாரத்தில் ஒரு கட்டம் இருக்கும். இருபத்தாறு வருஷமாக அந்தக் கட்டத்தைப் படித்த கண்கள் இவை. முன்னால் போன காரின் பிரேக் விளக்கு அளவுக்கு மீறிப் பிரகாசமாக இருந்ததால் கண் கூசி இடித்துவிட்டேன் என்று ஒருவர். பின் சீட்டில் மாமியார் எதிர்பாராமல் தும்மிவிட்டார் என்று இன்னொருவர். 'நான்தான் இடித்தேன்' என்று எழுதிய ஒரு மகராசனை நான் பார்த்ததில்லை. சாக்குகளைப் படித்துத்தான் சோறு தின்றேன். தின்றது உடம்பில் ஒட்டாமல் இருக்குமா?

அந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்த இரண்டாவது வாரமே பஸ்காரம்மாவின் வழி எனக்குத் தெரிந்துவிட்டது. காரை ரிவர்ஸ் எடுக்கும்போது என் வீட்டுத் தண்ணீர்க் குழாயின் மேலேயே ஏற்றிவிட்டேன். தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீய்ச்சுகிறது. நான் வெள்ளைச் சட்டையில், டை கட்டிக்கொண்டு, பிளம்பருக்குப் போன் அடித்துக்கொண்டு நிற்கிறேன். பிளம்பர் நாளைக்கு வருகிறேன் என்கிறான். பஸ்காரம்மா ஒரு பையோடு வந்தார். மீட்டர் பக்கத்து வால்வை அடைத்தார். உடைந்த துண்டை அறுத்தார்.

"இந்தாங்கண்ணே, இதப் பிடிங்க."

நான் பிடித்தேன். பிடிக்க வேண்டுமென்றால் வாசல் சாக்கடைக் கால்வாயில் குப்புறப் படுக்க வேண்டியிருந்தது. டை கால்வாய்த் தண்ணீரில் மிதந்தது. "இன்னும் கொஞ்சம் தூக்குங்க... ஆங், அப்படியே இருங்க லா." கால் மணி நேரத்தில் குழாய் பூட்டியாகிவிட்டது. எழுந்து நின்று, "சாரிம்மா, உங்களுக்குச் சிரமம்" என்றேன். "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அவருக்கு வணக்கம், நன்றி, போய் வருகிறேன் எல்லாமே அந்த ஒரு கேள்விதான். அன்றைக்கு அலுவலகத்துக்குத் தாமதமாகப் போனேன். ஆனால் என்னவோ, வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றை உருப்படியாகச் செய்த மாதிரி நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

எதிர்வீட்டு மலாய் டீச்சர் ஒருநாள் காரைத் திருப்பும்போது பஸ்காரம்மாவின் கேட் தூணைச் சாய்த்துவிட்டார். "சாரி காக், சாரி காக்" என்று, அக்கா முறை சொல்லி, அந்த அம்மாள் கண்ணில் தண்ணீர் வைக்க, இவர் உள்ளே போய்ச் சிமெண்டுக் கரண்டியோடு வந்தார். சாயங்காலம் பார்த்தால் டீச்சர் தலையில் கட்டிய தூடோங்கின் முனையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டுச் சிமெண்டு பூசிக்கொண்டிருக்கிறார். முடித்ததும் ஈரத்தில் விரலால் ஒரு பூ வேறு வரைந்தார். அந்தப் பூ ரொம்ப நாள் தூணில் இருந்தது.

பஸ்ஸில் ஒரு பிள்ளை வாந்தியெடுத்தாலும் இதே கதைதான். முதலில் முகத்தைத் துடைத்துவிடுவார், தண்ணீர் கொடுப்பார், பிறகு ஈரத்துணியைக் கையில் கொடுப்பார். இரண்டு பேருமாக உட்கார்ந்து சீட்டைத் துடைப்பார்கள். ஒரு தாய் சண்டைக்கு வந்தாள். "என் பிள்ளையப் போயி துடைக்க வெச்சிருக்கீங்களே!" பஸ்காரம்மா கோபப்படவே இல்லை. "உங்க புள்ள இறங்கும்போது சிரிச்சிக்கிட்டே போச்சும்மா. மத்த பிள்ளைங்க யாரும் கேலி பண்ணல. அப்புறம் நீங்க ஏன் அழுறீங்க?" என்றார். 

ஒரே ஒரு ஆளை மட்டும் அவர் கையில் எதுவும் கொடுக்காமல் அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. பஸ்காரம்மா சக்கரம் கழுவிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வந்து கேட்டருகே நின்றார். என் மனைவி ஜன்னலிலிருந்து என் முழங்கையைக் கிள்ளினாள். "அந்தம்மா வீட்டுக்காரர்ங்க. ஏழு வருஷமா ஆளக் காணோம்னாங்களே, அவருதான்." எங்கள் வீட்டுக் குட்டைச் சுவருக்கு இந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் நான் போய் நின்றேன். நாகரிகம் இல்லாத வேலைதான், ஒப்புக்கொள்கிறேன்.

அந்த மனுஷர் அரை மணி நேரம் பேசினார். கூட்டாளி ஏமாற்றிவிட்டானாம். அப்போது அவருக்கு நேரம் சரியில்லையாம். அவருடைய தாயார் சொல்லைத் தட்ட முடியவில்லையாம். போன் நம்பர் தொலைந்துவிட்டதாம். என் அலுவலகப் பாரத்தில் அந்தக் கட்டம் போதாமல் பின்பக்கமும் எழுதுவார்களே, அந்த மாதிரி. பஸ்காரம்மா குனிந்தபடியே எல்லாவற்றையும் கேட்டார். பக்கத்தில் வாளி இருக்கிறது, பிரஷ் இருக்கிறது, சக்கரம் கழற்றுகிற பெரிய ஸ்பேனர் இருக்கிறது. எதைத் தூக்கிக் கொடுக்கப்போகிறார் என்று நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். ஸ்பேனராக இருந்தால் பிடிக்க மட்டும்தானா என்ற கவலையும் எனக்கு இருந்தது.

அவர் எழுந்தார். துண்டில் கையைத் துடைத்தார்.

"பரவால்ல. நீங்க வீட்டுக்குப் போங்க."

குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. அந்த ஆள் நல்ல வார்த்தை கிடைத்த மாதிரி தலையாட்டிவிட்டுப் போனார். "பாவம், மன்னிச்சிட்டாங்க போல" என்றாள் மனைவி. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அவர் போனதும் பஸ்காரம்மா கேட்டின் தாழ்ப்பாளைப் போட்டார். பகலில் அந்தக் கேட்டுக்குத் தாழ்ப்பாள் போட்டு நான் பார்த்ததே கிடையாது. அந்த ஆள் அப்புறம் வரவும் இல்லை.

இனி முன்கண்ணாடிக்கு வருகிறேன்.

நீண்ட விடுமுறை முடிந்து பள்ளி திறப்பதற்கு முந்தின சனிக்கிழமை பஸ்ஸுக்குப் பூஜை போடுவது அவர் வழக்கம். பஸ்ஸைத் தேய்த்துக் குளிப்பாட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, பத்துமலையில் வாங்கிய முருகன் படத்துக்குப் பூ சாற்றி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைப்பார். தேங்காயை மட்டும் தன் கையால் உடைக்க மாட்டார். அந்த நேரத்தில் லோரோங்கில் யார் வருகிறார்களோ அவர்கள் கையில் கொடுத்துவிடுவார். அந்த வருஷம் வந்தவன் நான். பாசார் சந்தையிலிருந்து ஒரு கையில் மீன் பையோடு.

"அண்ணே, நல்ல நேரத்துல வந்தீங்க. இந்தாங்க, உடைங்க."

சும்மா உடைத்திருக்கலாம். மூன்று வீட்டு வாசலில் ஆட்கள் நிற்கிறார்கள், டீச்சர் போனில் படம் பிடிக்கிறார். எனக்குக் கொஞ்சம் மிடுக்கு ஏறிவிட்டது. மீன் பையைக் கீழே வைத்தேன். பஸ்ஸுக்கு முதுகைக் காட்டி, தார் போட்ட சடக்கைப் பார்த்து, கால்களை அகட்டி நின்றேன். தேங்காயில் மஞ்சள் தண்ணீர் பூசியிருக்கிறது, என் கையில் மீன் பை ஈரம். இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கி, பின்னால் நன்றாக வளைந்து ஓங்கினேன்.

கை முன்னால் வந்தது. தேங்காய் வரவில்லை.

பின்னால் 'சடார்' என்று ஒரு சத்தம். திரும்பினால் டிரைவர் பக்கத்து முன்கண்ணாடி முழுவதும் வெள்ளையாகிவிட்டது. ஒரு மூச்சு விடும் நேரம் அப்படியே நின்றது. பிறகு கற்கண்டு மூட்டையைக் கொட்டின மாதிரி சரசரவென்று உள்ளேயும் வெளியேயும் உதிர்ந்தது. "அலமாக்!" என்றார் டீச்சர். ஓட்டையான சட்டத்துக்குள் பார்த்தால், டிரைவர் சீட்டின் நடுவில், குங்குமப் பொட்டு கூடக் கலையாமல் தேங்காய் உட்கார்ந்திருக்கிறது. அது மட்டும் உடையவில்லை.

பஸ்காரம்மா பஸ்ஸைப் பார்த்தார். பிறகு தோள் துண்டை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்து ஓர் அடி வைத்தார். அவர் கை பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த துடைப்பத்தை நோக்கிப் போனதை நான் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். அந்த ஒரு விநாடி நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். ஆனால் இருபத்தாறு வருஷத்து உத்தியோகம் எனக்குள்ளிருந்து பேச ஆரம்பித்துவிட்டது.

"இல்லம்மா, அந்த ஓரத்துல ஏற்கெனவே கல்லடிச்ச புள்ளி ஒண்ணு இருந்திச்சில்ல... அதுனாலதான்... கண்ணாடி வீக்காதான் இருந்திருக்கு. அதோட நீங்க மஞ்சத்தண்ணிய வேற பூசிட்டீங்களா, வழுக்கிடுச்சு..."

அவர் கை துடைப்பத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிட்டது.

"பரவால்லண்ணே. நீங்க வீட்டுக்குப் போங்க."

அதே குரல். கோபம் கொஞ்சமும் இல்லை.  மீன் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பின்னால் கேட்டின் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

மனைவிதான் அங்கேயும் இங்கேயும் போய்ச் சேதி கொண்டுவந்தாள். அந்தப் பழைய பஸ்ஸின் கண்ணாடி எந்தக் கடையிலும் கைவசம் இல்லை, சொல்லி வைத்தால் இரண்டு வாரம் ஆகுமாம். இன்சூரன்ஸிலும் எடுக்க முடியாது. பழைய வண்டி என்று அடுத்தவர் சேதத்துக்கு மட்டும்தான் பாலிசி போட்டிருந்தது. அதைப் போட்டுக் கொடுத்ததே நான்தான். திங்கட்கிழமை காலை முப்பத்தெட்டுப் பிள்ளைகள் வாசலில் நிற்கும். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. குளுகுளு ஏர்கோன் போட்ட புது பஸ்ஸோடு ஒருவன் ஒரு மாதமாகத் தாய்மார்களைச் சுற்றிக்கொண்டிருக்கிறான். "அந்தப் பழைய டப்பாவ நம்பாதீங்கம்மா, என்னைக்காவது நடு சடக்குல நின்னுடும்" என்று. திங்கட்கிழமை இவர் வராவிட்டால் பிள்ளைகள் அவன் பஸ்ஸில் ஏறிவிடும். ஏறினது இறங்காது.

"ஏங்க, போயி ஒரு வார்த்த பேசுங்களேன்" என்றாள்.

"பேசினதுனாலதான்டி வந்த வினை" என்றேன்.

மதியத்துக்கு மேல் ஒரு லோரி வந்து நின்றது. பஸ்காரம்மா பக்கத்து ஊரான மேருவுக்குப் போய், பழைய வண்டிகளை உடைத்து விற்கிற ஒரு சீனத் தௌக்கே முதலாளியின் யார்டில் தேடி, அதே மாதிரி பஸ்ஸின் வலப்பக்கக் கண்ணாடியைப் பிடித்துக் கொண்டுவந்துவிட்டார். லோரியில் அவர் வீட்டு மெத்தை விரித்திருந்தது. அதன்மேல் கண்ணாடி, அதற்குமேல் தலையணைகள். அவரும் லோரிக்காரருமாக இறக்கினார்கள். லோரிக்காரர் போய்விட்டார். நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. ஐம்பது தாண்டிய ஆம்பளை, திரைச்சீலைக்குப் பின்னால். அன்றைக்கு வைத்த மீன் குழம்பைத் தட்டோடு ஒதுக்கி வைத்தேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் கூட இரண்டு தட்டுச் சாப்பிட்டிருப்பேன்.

ஞாயிறு காலை விடிந்ததும் போனேன். தாழ்ப்பாள் போட்டிருந்தது. வெளியிலேயே நின்றேன். அவர் புல்தரையில் ஒரு தொட்டியில் வெந்நீர் ஊற்றி, பழைய ரப்பரை அதில் ஊறப்போட்டுப் பிசைந்துகொண்டிருந்தார். விறைத்துப்போன ரப்பர் வளைந்து கொடுக்க வேண்டுமே. என்னைப் பார்த்தார். பசியாறிட்டீங்களா என்று கேட்கவில்லை.

ராத்திரியெல்லாம் நான் தயார் செய்த பேச்சு ஒரு முழுப்பக்கம் இருந்தது. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டேன்.

"கண்ணாடிய நான்தான் உடைச்சேன்."

அத்தோடு நிறுத்திக்கொண்டேன். அடுத்த வார்த்தை நாக்கு நுனியில் வந்து துடிக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டேன். இவ்வளவு சின்ன வாக்குமூலத்தை என் சர்வீஸில் நான் படித்ததில்லை.

அவர் ரப்பரை ஒரு முறை புரட்டிப் போட்டார். "கல்லடிச்ச புள்ளி இருந்திச்சுண்ணே. எனக்கும் தெரியும்" என்றார். பிறகு, "பசியாறிட்டீங்களா?"

"இல்லம்மா."

"அப்ப பசியாறிட்டு வேலைய ஆரம்பிக்கலாம். உள்ள வாங்க." எழுந்து வந்து தாழ்ப்பாளை எடுத்தார். ரப்பரின் ஒரு முனையை நீட்டினார். "மொதல்ல இந்தாங்க, இதப் பிடிங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெந்நீர் ஆவி என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் சாக்குச் சொல்வதில்லை என்று அன்றைக்கு முடிவெடுத்திருந்தேன்.

இரண்டு ரொட்டி சானாய், ஒரு குவளை தே தாரிக் டீ உள்ளே போனதும் வேலை தொடங்கியது. முதலில் சட்டத்தில் ஒட்டியிருந்த சில்லுகளைக் குறடால் பொறுக்கினோம். அதற்குள் கிடந்த துருவை உப்புத்தாளால் தேய்த்தோம். என் மனைவியும் வந்து சேர்ந்தாள். புல்தரையில் மெத்தையைப் போட்டு, அதன்மேல் கண்ணாடியைக் கிடத்தி, விளிம்பைச் சுற்றி ரப்பரை மாட்டினோம். ஒரு பக்கம் மாட்டினால் மறுபக்கம் கழன்றுகொள்ளும். என் மனைவி மூலைக்கு மூலை உட்கார்ந்து அழுத்திப் பிடித்தாள். "வீட்டுல ஒரு பல்பு மாத்த ஆளுக்குப் போன் பண்ற மனுஷன், இங்க பாருங்க" என்று என்னைக் கேலி செய்வதையும் விடவில்லை.

ரப்பரில் இரண்டு பள்ளம் உண்டு. ஒன்றில் கண்ணாடி உட்காரும். இன்னொன்றில் பஸ்ஸின் தகரம் உட்கார வேண்டும். அந்த இரண்டாவது பள்ளத்தில், சுற்றிலும், துணி காயப்போடுகிற நைலான் கயிற்றைப் புதைத்தார் பஸ்காரம்மா. பாத்திரம் கழுவுகிற சோப்பைக் கரைத்து அதன்மேல் தாராளமாக ஊற்றினார். கண்ணாடியைச் சட்டத்தில் வைத்துக் கயிற்றின் முனையைப் பிடித்து உள்ளேயிருந்து இழுத்தால், ரப்பரின் உதடு தகரத்தைத் தாண்டி உள்ளே ஏறி உட்கார்ந்துகொள்ளும். வெளியே நிற்கிற ஆள் கயிறு போகிற இடத்திலெல்லாம் உள்ளங்கையால் தட்டிக் கொடுக்க வேண்டும்.

நானும் மனைவியும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் பெட்டிமேல் ஏறினோம். மூன்று பேருமாகத் தூக்கிச் சட்டத்தில் பொருத்தினோம். "விட்டுடாதீங்கண்ணே" என்று சொல்லிவிட்டு பஸ்காரம்மா உள்ளே ஓடினார். என் பத்து விரலும் கண்ணாடியில். மூச்சுவிடவே பயம். இது போனால் மேருவிலும் இன்னொன்று இல்லை, நாளை காலை ஐந்தே முக்கால் இல்லை, அந்த முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் ஏர்கோன்காரனுக்குத்தான்.

உள்ளே அவர் முகம் தெரிந்தது. கயிற்றைத் தேடினார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். என் மூக்குக்கு நேராகப் பார்த்தார். கயிற்றின் இரண்டு முனையும் வெளியே, என் சட்டைப் பித்தானுக்கு முன்னால் தொங்கிக்கொண்டிருந்தன.

முனைகளை வெளிப்பக்கமாக விட்டது அவர்தான். நான் என்னையும் மீறிக் காத்திருந்தேன். இப்போது என்ன சொல்லப்போகிறார்? அவசரம், தூக்கமில்லை, நீங்கள் பேச்சுக் கொடுத்தீர்கள், எதை வேண்டுமானாலும் சொல்லலாம்.

அவர் ஜன்னலில் தலையை நீட்டினார். "தப்பா விட்டுட்டேன்ணே. இறக்குங்க" என்றார். சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். என் மனைவி பெட்டிமேல் நின்றபடியே சிரித்தாள். கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற கஷ்டம் இருக்கிறதே, அதை யாருக்கும் விதிக்கக் கூடாது.

இறக்கினோம். கயிற்றைப் புதிதாகப் புதைத்து, முனைகளைச் சரியான பக்கம் விட்டு, மறுபடி ஏற்றினோம். இந்த முறை அவர் உள்ளே நின்று மெதுவாக இழுத்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அவர் பேசுவது சரியாகக் கேட்கவில்லை. விரல்தான் பேசியது. விரல் காட்டுகிற இடத்தில் நான் தட்ட வேண்டும். கீழ்ப்பக்கம் ஏறியது. இடது ஓரம் ஏறியது. மேலே வலது மூலையில் வந்து நின்றுவிட்டது. ரப்பரின் உதடு மடங்கி மடங்கி வெளியே வந்தது. அவர் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு, விரலால் அந்த மூலையைக் காட்டினார். தட்டுங்கள் என்கிறார். நான் பூனைக்குட்டியைத் தடவுகிற மாதிரி தட்டினேன். தலையை ஆட்டினார். இன்னும். கொஞ்சம் பலமாகத் தட்டினேன். இன்னும்.

 நேற்று ஓங்கிய அதே கை. ஓர் அடி கூடப் போனாலும் மறுபடி கற்கண்டுதான். நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். கண்ணாடிக்கு ஒரு சாண் தூரத்தில் அவர் முகம். உடைந்தால் முதலில் அவர்மேல்தான் விழும். அவர் நகரவில்லை. விரல் அந்த மூலையிலேயே இருந்தது.

அடித்தேன். 'ப்ளக்' என்று ஒரு சத்தம். உதடு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

நான் பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டேன். மனைவி ரப்பர் குழாயால் கண்ணாடிமேல் தண்ணீரைப் பீய்ச்சினாள். பஸ்காரம்மா உள்ளே உட்கார்ந்து, ஓரம் ஓரமாக விரலால் தடவி ஒழுகுகிறதா என்று பார்த்தார். ஒரு சொட்டு இல்லை.

வெயில் தாழ்ந்திருந்தது. அவர் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். கையில் நேற்றைய தேங்காய். பொட்டு அப்படியே இருந்தது.

"பூஜை பாதியில நிக்குதுண்ணே. இந்தாங்க."

"நானாம்மா?"

"பின்ன? நேத்து உங்க கையிலதானே கொடுத்தேன். நீங்கதான் முடிக்கணும்."

வாங்கிக்கொண்டேன். சட்டையில் இரண்டு கையையும் நன்றாகத் துடைத்தேன். தேங்காயையும் துடைத்தேன். அவர் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து என்ஜினைப் போட்டார். நான் பஸ்ஸின் முன்னால் வந்து நின்று, இந்த முறை பஸ்ஸைப் பார்த்தா, சடக்கைப் பார்த்தா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே பஸ் மெல்லப் பின்னால் நகர்ந்தது. பத்தடி போயிற்று. இருபதடி போயிற்று. திடலின் அந்தக் கோடி வரைக்கும் போய் நின்றது.

"என்னம்மா, நம்பலயா?" என்று கத்தினேன்.

ஜன்னலில் தலை வந்தது. "உங்கள நம்பறேன்ணே! கண்ணாடிதான் ஒண்ணே ஒண்ணு இருக்கு!"

டீச்சர் அவர் வீட்டு வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் குனிந்து, கையை ரொம்ப ஓங்காமல், சடக்கில் ஒரே போடு போட்டேன். தேங்காய் நான்காகச் சிதறித் தண்ணீர் என் கால்மேல் தெறித்தது. தூரத்தில் பஸ் ஒரு ஹார்ன் அடித்தது. ஒன்றே ஒன்று.

சக்கரங்கள் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு என் பக்கமாக வந்து நின்றன. கை வெறுமையாக, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.  மாட்டிய கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாகத் துடைப்பத்தை நீட்டினார்.

"சடக்கெல்லாம் தேங்காச் சில்லு. நாளைக்கி பிள்ளைங்க வந்து ஏறுற இடம். இந்தாங்கண்ணே, இதப் பிடிங்க."